கம்ப்யூட்டர் திரையில் ஒரு சொந்தக் கணக்குப்பிள்ளை!

படம் வெளிவரும் முன்பே, "இது இத்தனை நாள் ஓடும், இவ்வளவு வசூலிக்கும்" என்று பந்தயம் கட்டாத சினிமா ரசிகர் உண்டா? டீக்கடையில் வெறும் வாய்ப்பேச்சாகப் போகும் இந்தக் கணிப்பையே ஒரு சந்தையாக்கி விட்டார்கள் அமெரிக்கர்கள்.

'ஹாலிவுட் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச்' என்பது அந்த விளையாட்டின் பெயர். 1996-ம் ஆண்டு இன்டர்நெட்டில் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஷேர். நடிகர், நடிகைகளுக்குப் பத்திரம். வாங்கலாம், விற்கலாம். ஆனால் கைமாறுவதெல்லாம் கற்பனைப் பணம். புதிதாகச் சேருபவரின் கணக்கில் 20 லட்சம் 'ஹாலிவுட் டாலர்' வரவு வைப்பார்கள். அதைப் பெருக்கிக் காட்டுவதுதான் ஆட்டக்காரரின் சாமர்த்தியம்.

விலை எப்படி?

ஒரு படத்தின் ஷேர் 50 டாலர் என்றால், அந்தப் படம் உள்நாட்டுத் தியேட்டர்களில் முதல் நான்கு வாரத்தில் 5 கோடி டாலர் வசூலிக்கும் என்று சந்தை நினைக்கிறது. உண்மையில் 6 கோடி வசூலானால் ஷேர் 60 டாலர் ஆகும். வாங்கியவருக்கு லாபம். 4 கோடியோடு நின்றால் நஷ்டம்.

நான்கு வாரம் காத்திருக்கவும் தேவையில்லை. முதல் வெள்ளி, சனி, ஞாயிறு வசூலை ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கி, விலையைத் திருத்திவிடுவார்கள். அந்த எண் 2.7 என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாளில் 2 கோடி வசூலானால், 5.4 கோடி என்று கணக்கிட்டு, ஷேர் விலை 54 டாலர் என நிர்ணயிக்கப்படும்.

வெங்காயமும் சினிமாவும்

நிஜப் பணத்தில் இந்த வியாபாரத்தை நடத்தவும் ஒரு முயற்சி நடந்தது. 2001-ல் இந்த விளையாட்டை வாங்கிய கான்டர் பிட்ஸ்ஜெரால்ட் நிறுவனம் அதற்கு அனுமதி கேட்டது. 2010 ஜூன் மாதம் அரசின் மேற்பார்வைக் கமிஷன் பச்சைக்கொடி காட்டியது. ஆனால் அடுத்த மாதமே வந்த ஒரு சட்டம், சினிமா வசூலில் முன்பேர வர்த்தகம் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டது. அந்த நாட்டில் 1958-ம் ஆண்டிலிருந்தே இதே தடைக்கு உள்ளான இன்னொரு சரக்கு எது தெரியுமா? வெங்காயம்!

ஆகவே, விளையாட்டு விளையாட்டாகவே நின்றது.

பென்சிலுக்கு ஓய்வு

இந்த ஆட்டத்தில் குமாஸ்தா வேலை அதிகம். கையில் எத்தனை ஷேர், இன்றைய விலை என்ன என்பதைப் பக்கத்தில் பார்க்கலாம். ஆனால் ஆட்டக்காரருக்கு வேண்டியது வேறு. "54 டாலருக்கு வாங்கிய ஷேர் கையைக் கடிக்காமல் இருக்க, முதல் மூன்று நாளில் படம் எவ்வளவு வசூலிக்க வேண்டும்?" 54-ஐ 2.7-ஆல் வகுத்தால் 20. அதாவது 2 கோடி டாலர். ஒரு படத்துக்கு இது சுலபம். முப்பது படங்களுக்குத் தினமும் பென்சிலும் காகிதமுமாக உட்கார யாருக்குப் பொறுமை உண்டு?

இங்கேதான் சொந்தக் கணக்குப்பிள்ளை வருகிறார். ஆரன் பூட்மன் என்பவர் 2004-ம் ஆண்டு இறுதியில் 'கிரீஸ்மங்கி' என்ற சிறு இணைப்பை உருவாக்கினார். பயர்பாக்ஸ் பிரவுசரில் அதைச் சேர்த்துக்கொண்டால், எந்த இணையப் பக்கத்தையும் தம் விருப்பப்படி மாற்றிப் பார்க்க, பயனாளரே ஒரு சிறு நிரல் எழுதி வைத்துக்கொள்ளலாம். பிற பிரவுசர்களுக்கும் பின்னர் 'டேம்பர்மங்கி' போன்றவை வந்தன. நிரல் எழுதும் மொழி ஜாவாஸ்கிரிப்ட். 1995-ல் பிரெண்டன் ஐக் பத்தே நாட்களில் முதல் வடிவம் கொடுத்த மொழி அது.

நிரலின் வேலை சிக்கலானதல்ல. எந்தப் பக்கத்தில் இயங்க வேண்டும் என்று அதன் தலைப்பில் எழுத வேண்டும். பக்கம் திறந்ததும் அட்டவணையின் ஒவ்வொரு வரியையும் தேடி, விலையைப் படிக்கச் சொல்ல வேண்டும். டாலர் குறியையும் காற்புள்ளியையும் முதலில் நீக்குவது அவசியம். இல்லாவிட்டால் 1,250 என்பதை வெறும் 1 என்று படித்துக் கணக்கைக் கெடுத்துவிடக்கூடும்! பிறகு 2.7-ஆல் வகுத்து, விடையை வரியின் ஓரத்தில் ஒரு புதிய கட்டமாகச் சேர்க்க வேண்டும். நஷ்டத்தில் உள்ளவற்றுக்குச் சிவப்பு நிறம் பூசலாம். இவ்வளவும் ஐம்பது வரிக்குள் அடங்கிவிடும்.

பேரேடு மாறாது

தலைமை ஆபீசிலிருந்து வந்த நகலில் குமாஸ்தா பென்சிலால் குறிப்பு எழுதிக்கொள்வதில்லையா? அதுபோன்றதே இது. மாறுவது நம் கம்ப்யூட்டருக்கு வந்த நகல் மட்டுமே. அசல் பேரேடு விளையாட்டு நடத்துபவரின் சர்வரில் பத்திரமாக இருக்கும். இருப்பை 20 லட்சத்திலிருந்து 2 கோடியாகத் திரையில் மாற்றிக்கொள்ளலாம். நிரலை நிறுத்திவிட்டுப் பக்கத்தை மறுபடி திறந்தால் பழைய 20 லட்சமே நிற்கும்!

கணக்கைப் போட்டுக்கொடுப்பது வேறு. ஆட்டக்காரர் தூங்கும்போது நிரலே வாங்கி விற்பது வேறு. பின்னதைப் பல விளையாட்டுகள் மோசடியாகக் கருதிக் கணக்கை முடக்கிவிடுகின்றன.

நம் ஊர் ரயில் டிக்கெட்டில் நடப்பதும் இதுதான். பொங்கலுக்கு ஊர் போக, காலையில் தத்கல் டிக்கெட்டுக்காகக் காத்திருக்கும் தமிழருக்கு அந்த வலி தெரியும். தானியங்கி நிரல்களால் டிக்கெட்டுகளை அள்ளி அதிக விலைக்கு விற்ற கும்பல்களை ரயில்வே பாதுகாப்புப் படை பலமுறை கைது செய்துள்ளது. ஒருவருடைய நிரலின் வேகம், இன்னொருவருடைய இடத்தைப் பறிக்கிறது.

யார் எழுதிய நிரல்?

இன்னொரு அபாயமும் உண்டு. 2005 ஜூலையில் கிரீஸ்மங்கியிலேயே ஒரு பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. தீய நோக்கமுள்ள ஓர் இணையப் பக்கம், பயனாளரின் கம்ப்யூட்டரில் உள்ள கோப்புகளைப் படிக்க அது வழிவிட்டது. அவசரமாகத் திருத்தினார்கள்.

அந்த ஓட்டை அடைபட்டாலும் ஓர் உண்மை மாறவில்லை. பக்கத்தில் இயங்கும் நிரல், அங்கே தட்டச்சு செய்யப்படும் கடவுச்சொல்லையும் படிக்க முடியும். கணக்குப்பிள்ளையிடம் பெட்டிச் சாவியும் இருக்கிறது! முன்பின் தெரியாதவர் தரும் நிரலை "வேலை சுலபமாகும்" என்று நம்பிச் சேர்ப்பது, ஊர் பேர் தெரியாதவரைக் கல்லாவில் உட்கார வைப்பதற்குச் சமம்.

எனவே, நிரலைத் தாமே எழுத வேண்டும். இல்லையேல் வரி வரியாகப் படித்துப் புரிந்தபின் சேர்க்க வேண்டும். ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் இயங்கும்படி அதைக் கட்டிப்போடுவது நலம். பாங்கு கணக்குப் பார்க்கும் பிரவுசரில் அதை அண்டவிடாமல் இருப்பது அதைவிட நலம். கற்பனை டாலர் போனால் மறுபடி சம்பாதிக்கலாம். மாதச் சம்பளம் போனால், ஊருக்கு மணியார்டர் எப்படி அனுப்புவது?