சத்தம் எங்கிருந்து வருகிறது? கியர்ப்பெட்டிக் கோளாறுகளை அறிந்துகொள்வோம்

வணிகவியல் படித்து, கடன் கோப்புகளுக்கிடையே இருபதாண்டுகளைக் கழித்த ஒருவர் கியர்ப்பெட்டியைப் பற்றி எழுத முற்படுவது வாசகர்களுக்குச் சற்று வியப்பாக இருக்கக்கூடும். எனினும், வாகனக் கடன் பிரிவில் பணியாற்றுவோர் ஒன்றை விரைவில் உணர்ந்துவிடுகிறோம். ஒரு லாரியின் கடன் கணக்கு தடுமாறத் தொடங்கும்போது அதற்கான காரணம் பேரேட்டில் இருப்பதில்லை. பல நேரங்களில் அது வண்டியின் அடியில், எண்ணெய்ப் பிசுக்கு படிந்த ஓர் இரும்புப் பெட்டிக்குள்ளோ அதன் அக்கம்பக்கத்திலோ இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் நாகபுரிக் கிளையில் பணியாற்றினேன். வடக்கு தெற்காகச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும், சூரத்திலிருந்து கிழக்கே செல்லும் 53ஆம் எண் நெடுஞ்சாலையும் சந்திக்கும் ஊர் அது. ஆதலால் வாடிக்கையாளர்களில் லாரி உரிமையாளர்கள் கணிசமாக இருந்தனர். அவர்களுள் ஒருவர், ஒரேயொரு லாரியைச் சொந்தமாக வைத்து ஓட்டிவந்தவர், ஒருநாள் கூடுதல் கடன் கேட்டு வந்தார். கியர் விழவில்லை, ரிவர்ஸ் போட்டால் அரைபடும் சத்தம் கேட்கிறது என்று ஒரு பணிமனைக்குச் சென்றிருக்கிறார். கியர்ப்பெட்டியை முழுவதுமாக இறக்கிப் பிரித்து உட்பாகங்களை மாற்ற வேண்டும் என்று அங்கே கூறிவிட்டனர். மதிப்பீட்டுத் தாளில் இருந்த தொகை ஏறத்தாழ ஒரு இலட்சம். அவருடைய கணக்கிலோ தவணை ஏற்கெனவே நாற்பது நாள்களைக் கடந்து நிலுவையில் நின்றது.

இந்த நாற்பது நாள் என்பதன் பொருளைச் சற்று விளக்க வேண்டும். தவணை நிலுவை 30 நாள் வரை, 31 முதல் 60 நாள் வரை, 61 முதல் 90 நாள் வரை என்று மூன்று படிகளாகக் கண்காணிக்கப்படுகிறது. 90 நாளைக் கடந்தால் கணக்கு வாராக்கடன் வகைக்குச் சென்றுவிடும். பின்னர் அவருக்கு வேறெங்கும் கடன் கிடைப்பது அரிது. 20 இலட்ச ரூபாய்க் கடனுக்கு 10 விழுக்காடு வட்டியில் 60 மாதத் தவணை என்று வைத்துக்கொண்டால், மாதம் ரூ.42,494 கட்ட வேண்டும். அதாவது வண்டி ஓடினாலும் நின்றாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,400 ரூபாய். இதில் ஓட்டுநர் சம்பளமோ காப்பீடோ சாலை வரியோ சேரவில்லை.

எங்கள் கிளைக்காகப் பழைய வாகனங்களைப் பார்வையிட்டுக் கருத்துரைக்கும் ஒரு முதிய மெக்கானிக் இருந்தார். அவரை அழைத்துப் போனேன். அவர் வண்டியின் அடியில் புகுவதற்கு முன்பே மூன்று கேள்விகள் கேட்டார். எஞ்சினை நிறுத்தியிருக்கும்போது எல்லா கியர்களும் எளிதில் விழுகின்றனவா? ஆம் என்றார் உரிமையாளர். எஞ்சின் ஓடும்போது மட்டும்தான் தகராறா? ஆம். கிளட்ச் பெடலை இரண்டு மூன்று முறை தொடர்ந்து மிதித்தபின் போட்டால் விழுகிறதா? உரிமையாளர் வண்டியில் ஏறி அவ்வாறே செய்து பார்த்தார். விழுந்தது.

"அப்படியானால் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை, சாஹேப்" என்றார் அம்முதியவர்.

அவர் கூறிய விளக்கம் எளிமையானது. எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையே நிற்பது கிளட்ச். பெடலை மிதிக்கும்போது எஞ்சினின் சுழற்சி கியர்ப்பெட்டிக்குச் செல்லாதபடி அது முழுமையாக விலகிக் கொடுக்க வேண்டும். அரைகுறையாக விலகினால், உள்ளே பற்சக்கரங்கள் சுழன்றுகொண்டே இருக்கும். சுழலும் பல்லில் நிற்கும் பல்லைச் செருக முயன்றால் அரைபடும் ஓசைதான் எழும். எஞ்சினை நிறுத்திவிட்டால் எதுவும் சுழலாது, கியர் எளிதில் விழும். ஆகவே எஞ்சின் நின்ற நிலையில் நன்றாக விழும் கியர், ஓடும் நிலையில் விழவில்லையெனில் முதல் ஐயம் கிளட்ச்சின் மீதே எழ வேண்டும். பெடலைப் பலமுறை மிதித்தால் சரியாகிறது என்றால், திரவக் குழாயில் காற்று புகுந்திருக்கிறது அல்லது சிலிண்டரில் கசிவு இருக்கிறது என்று பொருள். அன்று கீழ்ச் சிலிண்டரின் ரப்பர் உறைக்குள் திரவம் தேங்கியிருந்தது. சிலிண்டரை மாற்றிக் காற்றை வெளியேற்றியதும் வண்டி மறுநாளே சரக்கேற்றப் புறப்பட்டது. செலவு சில ஆயிரங்களோடு முடிந்தது. அவருக்குக் கூடுதல் கடன் தேவைப்படவில்லை. முதலில் பார்த்த பணிமனையின் நோக்கத்தை நான் ஐயுறவில்லை. வந்தவர் "கியர் கோளாறு" என்று சொன்னதை அவர்கள் அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கலாம்.

எஞ்சின் நின்றிருக்கும்போதும் கியர் முரண்டு பிடிக்கிறது என்றால் நிலைமை வேறு. அப்போதுகூட நேராகப் பெட்டிக்குப் போய்விடக் கூடாது. கியர்க் கம்பியிலிருந்து பெட்டி வரை செல்லும் கேபிளோ இணைப்புத் தண்டுகளோ தேய்ந்தோ வளைந்தோ இருக்கலாம். அவற்றைப் பார்த்து முடித்த பிறகே உட்பாகங்களை நோக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான குறை கிளட்ச் வழுக்குதல். எஞ்சின் வேகம் ஏறுகிறது, வண்டி வேகம் ஏறவில்லை; மேட்டில் உயர் கியரில் செல்லும்போது இது நன்கு புலப்படும். கருகிய வாடையும் சேர்ந்தால் ஐயமில்லை. சோதிப்பதற்கு ஒரு வழி உண்டு. சமதளத்தில், முன்னும் பின்னும் ஆளில்லாத இடத்தில், சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கைபிரேக்கை முழுமையாக இழுத்துவிட்டு, மூன்றாவது கியரில் போட்டு கிளட்ச்சை மெதுவாக விட வேண்டும். கிளட்ச் நன்றாக இருந்தால் எஞ்சின் நின்றுவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் தேய்ந்துவிட்டது. ஒருமுறைக்கு மேல் இச்சோதனையைச் செய்ய வேண்டாம். நல்ல பிளேட்டும் சூடேறிக் கெடும்.

அடுத்து, சத்தம். என் கருத்தில், வாகன உரிமையாளர் கற்றுக்கொள்ள வேண்டிய கலைகளுள் முதன்மையானது செவிகொடுப்பது. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில், எஞ்சினை ஓடவிட்டுக் கேளுங்கள். பெடலை மிதித்ததும் கீச்சென்ற ஒலி எழுந்து, விட்டதும் மறைந்தால் அது கிளட்ச்சின் ரிலீஸ் பேரிங். மாறாக, பெடலை விட்டிருக்கும்போது உறுமல் கேட்டு, மிதித்ததும் மறைந்தால் கியர்ப்பெட்டிக்குள் நுழையும் தண்டின் பேரிங்கை ஐயுற வேண்டும். ஓட்டும்போது ஒரே ஒரு கியரில் மட்டும் இரைச்சல் எழுமானால் அந்த கியரின் பற்களோ அதன் பேரிங்கோ பழுது. பின்சக்கர இயக்கமுள்ள லாரிகளில், எஞ்சினின் சுழற்சி நேராகப் பின்பக்கம் செல்லும் ஒரு கியர் உண்டு. பல வண்டிகளில் அது உச்ச கியர். மற்ற கியர்களிலெல்லாம் இரைந்து, அந்த நேர் கியரில் மட்டும் அடங்கினால், கீழ்த்தண்டின் பேரிங்குகள் தேய்ந்துள்ளன எனலாம். நேர் கியரில் அந்தத் தண்டின் மீது சுமை விழுவதில்லை என்பதே காரணம்.

குறிப்பிட்ட ஒரு கியருக்கு மாற்றும்போது மட்டும், குறிப்பாக இரண்டாவதற்கு இறக்கும்போது, கரகரவென்று அரைபட்டால் சிங்க்ரனைசர் வளையம் தேய்ந்திருக்கக்கூடும். வேகம் வேறுபட்ட இரு பாகங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவது அதன் பணி. ஆனால் பழைய கனரக லாரிகள் பலவற்றில் எல்லா கியர்களுக்கும் இவ்வளையம் இராது. அவற்றில் இருமுறை கிளட்ச் மிதித்து மாற்றுவதே முறை. புதிய ஓட்டுநர் வந்தபின் சத்தம் தொடங்கியது என்றால் பெட்டியைப் பழிப்பதற்கு முன் அவர் காலைக் கவனியுங்கள்.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கியர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளி வருவது அஞ்சத்தக்க குறை. மலைச்சரிவில் எஞ்சினின் தடை திடீரென விலகிவிடும். கியரைப் பிடித்து நிறுத்தும் சிறு ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், கியரை நகர்த்தும் கவை தேய்ந்திருக்கலாம், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் கிழிந்திருக்கலாம். ரப்பர்தான் மலிவானது. அதையே முதலில் பார்க்கச் சொல்லுங்கள். எதுவாயினும் சரிசெய்யும் வரை சரக்கேற்ற வேண்டாம்.

கியர்ப்பெட்டியின் மீது வீண்பழி விழும் இடங்களும் உண்டு. வண்டி கிளம்பும்போதும், முன்னும் பின்னும் மாற்றும்போதும் 'டங்' என்று இடிப்பது பெரும்பாலும் புரொப்பல்லர் தண்டின் கிராஸ் தேய்மானம். வேகம் பிடிக்கும்போது ஒரு சுருதியிலும் வேகம் குறைக்கும்போது வேறொரு சுருதியிலும் ஊளையிடுவது பின் அச்சிலுள்ள கிரவுன், பினியன் இணை. முன்சக்கர இயக்கமுள்ள காரில், ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பிச் செல்லும்போது 'டக் டக்' என்று கேட்டால் சக்கரத்தருகே உள்ள மூட்டு தேய்ந்திருக்கிறது. அதன் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் சிதறியிருப்பதைக் கண்ணால் காணலாம்.

எண்ணெய் பற்றி எழுதும்போது என் சொந்தக் கதையை மறைப்பது முறையாகாது. வீட்டு வாசலில் என் கார் நிற்கும் இடத்தில் தினமும் நான்கைந்து சொட்டு எண்ணெய் விழுந்தது. ஒரு பழைய அட்டையை அடியில் போட்டு, தரை கறைபடாமல் காத்தேன். கந்தக வாடை வீசும் கெட்டியான அந்த எண்ணெய் கியர் ஆயில் என்பதையோ, மாதக்கணக்கில் சொட்டினால் பெட்டி வறண்டுபோகும் என்பதையோ நான் நினைத்துப் பார்க்கவில்லை. சில நூறு ரூபாய் ஆயில் சீலுக்குச் செய்யாத செலவை, பேரிங்குகளும் இரண்டு பற்சக்கரங்களும் போன பிறகு, பல மடங்காகச் செய்தேன். வாடிக்கையாளர்களுக்கு அறிவுரை கூறும் பதவியில் இருந்துகொண்டு இப்படி!

ஆகவே எண்ணெய் மாற்றும்போது அருகில் நின்று பாருங்கள். பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துள்ளது. வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் இதைக் காணலாம். வடிகால் திருகில் காந்தம் இருக்குமானால் அதில் மெல்லிய பசைபோல் இரும்புத்தூள் படிவது இயல்பே. விரல்களுக்கிடையே உறுத்தும் துணுக்குகள் இருந்தால் பெட்டியைத் திறக்கும் காலம் வந்துவிட்டது. சீலை மாற்றியும் கசிவு நிற்கவில்லையெனில், பெட்டியின் காற்றுத்துளை சேற்றால் அடைபட்டுள்ளதா என்று பாருங்கள். உள்ளழுத்தம் வெளியேற வழியின்றி எண்ணெயைத் தள்ளும்.

தானியங்கி கியர் கொண்ட கார்கள் இன்று நடுத்தரக் குடும்பங்களிலும் மிகுந்துவிட்டன. 2014இல் மாருதி செலிரியோ வந்தது முதல் ஏ.எம்.டி. முறை பரவலாயிற்று. இதில் உள்ளே இருப்பது வழக்கமான கியர்ப்பெட்டியும் கிளட்ச்சும்தான். மிதிப்பதும் மாற்றுவதும் மட்டுமே இயந்திரத்தின் வேலை. எனவே மேம்பாலச் சரிவில் பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டரால் வண்டியைத் தாங்கி நிறுத்தினால் கிளட்ச் கருகும். மற்ற தானியங்கி வகைகளில், 'டி' போட்டபின் வண்டி நகரத் தாமதமாவது, மாறும்போது எஞ்சின் வெறுமனே உறுமுவது, சீரான வேகத்தில் உதறுவது ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். பல வண்டிகளில் இதன் எண்ணெய் புதிதில் சிவப்பாக இருக்கும். கருத்துக் கருகிய வாடை வீசினால் உள்ளே சூடேறியுள்ளது. தயாரிப்பாளர் குறித்த எண்ணெயைத் தவிர வேறெதையும் ஊற்ற அனுமதிக்காதீர்கள்.

இவ்வகை வண்டிகளில் கணினிச் சோதனை செய்து 'பி0700' என்று எழுதிக் கொடுப்பார்கள். கியர்க் கட்டுப்பாட்டுக் கணினி ஏதோ ஒரு குறையைப் பதிவு செய்திருக்கிறது என்பதற்கு மேல் அந்தக் குறியீடு எதையும் கூறுவதில்லை. அதனுடன் பதிவான மற்றொரு குறியீடு எது என்று கேட்டறிந்த பின்னரே செலவுக்கு ஒப்புதல் அளியுங்கள்.

நாசிக்கைக் கடந்து கசாரா மலைப்பாதையில் இறங்கும் லாரிகளில் சிலர் டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடுவதைக் கண்டிருக்கிறேன். எஞ்சினின் தடை இல்லாமல் முழுச் சுமையும் பிரேக்கின் மீது விழுகிறது. சூடேறிய பிரேக் பிடிக்காது. எஞ்சினையும் நிறுத்திவிட்டால் கீழ்த்தண்டு சுழலாது, மேலுள்ள பேரிங்குகளுக்கு எண்ணெய் தெறிக்காது. பழுதான லாரியைக் கட்டி இழுக்கும் முன் புரொப்பல்லர் தண்டைக் கழற்றச் சொல்வதும் இதே காரணத்தால்தான். மிச்சமான டீசலுக்கும் இந்தச் செலவுக்கும் ஒப்பே இல்லை.

காப்பீடு இருக்கிறதே என்று எண்ண வேண்டாம். வழக்கமான மோட்டார் காப்பீட்டில் தேய்மானமும் இயந்திரப் பழுதும் விலக்கப்பட்டுள்ளன. எஞ்சின், கியர்ப்பெட்டிப் பாதுகாப்புக்கெனக் கூடுதல் பிரீமியத்தில் இணைப்புப் பாலிசிகள் உள்ளன. அவையும் தண்ணீர் புகுதல், எண்ணெய்க் கசிவு போன்ற காரணங்களால் நேரும் சேதத்தையே பெரும்பாலும் ஏற்கும். வெள்ளம் தேங்கும் பகுதியில் வசிப்போர் இதைக் கேட்டுப் பார்க்கலாம். விதிமுறைகளைப் படித்தபின் கையெழுத்திடுங்கள்.

பழைய வாகனம் வாங்கக் கடன் கேட்டு வருவோரிடம் நான் கூறுவது இதுதான். வண்டியைக் குளிர்ந்த நிலையிலேயே காட்டச் சொல்லுங்கள். நீங்கள் வருமுன் ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால் சில முரண்டுகள் மறைந்துவிடும். எல்லா கியர்களிலும், ரிவர்ஸ் உட்பட, நீங்களே ஓட்டுங்கள். ஒரு மேட்டில் ஏற்றி இறக்குங்கள். பணிமனையில் பழுது பார்ப்பதாயின் கழற்றிய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். பில்லில் 'கியர் வேலை' என்று ஒற்றை வரியாக எழுதாமல், மாற்றிய பாகங்களைத் தனித்தனியே குறிக்கச் சொல்லுங்கள். தவணை கட்ட இயலாத அளவுக்கு வண்டி நிற்கப் போகிறது என்று தெரிந்தால், அந்த பில்லோடும் மதிப்பீட்டுத் தாளோடும் முதல் 30 நாள்களுக்குள் கிளைக்கு வாருங்கள். அப்போது எங்களால் செய்யக்கூடியவை சில உண்டு. 85ஆம் நாள் வந்தால் அவற்றுள் பெரும்பாலானவை கைநழுவிப் போயிருக்கும்.