கான்கிரீட்டுக்குள் செம்புக் குழாய்: வணிகர்கள் கவனத்திற்கு

கதிர்காமம் பகுதியில் கடையைப் புதுப்பித்துக் கட்டும் வணிக நண்பர்கள் நம்மிடம் கேட்பது இது: “குளிர்சாதனப் பெட்டிக்கும் ஏ.சி.க்கும் போகும் செம்புக் குழாயைத் தளத்திற்குள் புதைக்கலாமா? சிமெண்ட் அதை அரித்துவிடாதா?”

சிமெண்ட் செம்பை அரிப்பதில்லை. கான்கிரீட்டின் காரத்தன்மை அலுமினியத்தைத் தின்றுவிடும். செம்பு அதைத் தாங்கும். செம்புக் குழாய் போடும்போது நாம் அஞ்ச வேண்டியவை வேறு மூன்று.

முதலாவது, இரும்புக் கம்பியுடன் ஏற்படும் தொடர்பு. செம்பும் இரும்பும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் சிறிய பேட்டரி போல வேலை செய்யும். அதில் கரைவது இரும்புதான். பிரான்சு மக்கள் அளித்து, 1886இல் நியூயார்க்கில் திறக்கப்பட்ட சுதந்திர தேவி சிலையிலும் இதுவே நடந்தது. செம்புத் தகட்டுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் இடையே வைத்த தடுப்பு நாளடைவில் கெட்டு, சட்டங்கள் துருப்பிடித்தன. 1986இல் முடிந்த சீரமைப்பில் அவற்றுக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகு பொருத்தப்பட்டது. நம் கடைத் தளத்தில் கம்பி துருப்பிடித்தால் பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும்; காரை பெயர்ந்து விழும்.

இரண்டாவது, உப்பு. இது இரு உலோகங்களுக்குமே கேடு. கடலோர ஊரான நமக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. கடல் மணலும் உவர் நீரும் கலவைக்கு ஆகாது. கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குச் சேர்க்கும் நீரில், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக்கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம் 456 (2000). உப்பு மூட்டை, கருவாடு வைக்கும் தரையில் கசியும் நீரும் இதே கெடுதலைச் செய்யும். மூட்டைகளைப் பலகை மேல் அடுக்குங்கள்.

மூன்றாவது, அம்மோனியா. இது செம்பில் விரிசல் உண்டாக்கும். அம்மோனியாவில் இயங்கும் பெரிய குளிர்பதனக் கிடங்குகளில் எஃகுக் குழாய் போடுவது இதனால்தான். உரமும் விற்கும் கடைக்காரர்கள், உர மூட்டை அடுக்கும் இடத்தில் செம்புக் குழாயைப் புதைக்காதீர்கள்.

ஆகவே, குழாயைப் பிளாஸ்டிக் உறைக்குள் விட்டுப் புதையுங்கள். கம்பியோடு சேர்த்துக் கட்ட விடாதீர்கள். தளத்திற்குள் இணைப்பு எதுவும் வரக்கூடாது. கான்கிரீட் போடுமுன் அழுத்தம் ஏற்றிக் கசிவு பாருங்கள். பிறகு தளத்தை உடைத்தால் வாயுவும் போகும். கடையையும் சில நாள் மூட வேண்டிவரும். உறைக்கு ஆகும் செலவு அதற்கு முன் சொற்பமே.