கடலிலே தூண்டில் போடப் போகிறீர்களா?

தளவாய்புரத்து நண்பர் ஒருவர் வீட்டில் எந்நேரமும் தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும். நண்பரின் மனமோ தூண்டிலிலேயே இருக்கும். கண்மாய் நிரம்பிவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளைப் பிடிக்க முடியாது. கெண்டையும் விராலும் பிடித்து அலுத்தவருக்குத் திடீரென்று ஓர் ஆசை.

"ஸார், பையனையும் கூட்டிக்கொண்டு அந்தமானுக்குப் போய்க் கடலில் தூண்டில் போடலாமென்று பார்க்கிறேன். வருஷச் சேமிப்பு கரைந்துவிடும். போகலாமா?" என்று கேட்டார்.

மேற்கு மலையைப் பார்த்து வளர்ந்தவர் அவர். கடலோடு பழக்கம் திருச்செந்தூர் முழுக்கு அளவில்தான்! பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது என்றேன்.

இந்தப் பொழுதுபோக்குக்கு வயது நூறுக்கு மேல். 1898-ல் அமெரிக்காவின் காடலினா தீவருகே சார்லஸ் ஹோல்டர் என்பவர் 183 பவுண்டு சூரை மீனைத் தூண்டிலில் பிடித்தார். அதே வருஷம் அங்கே ஒரு சங்கமே தோன்றிவிட்டது! நாவலாசிரியர் ஹெமிங்வே 1934-ல் 'பிலார்' என்ற படகையே வாங்கி வைத்துக்கொண்டு மீன் பிடித்தார். நம்மைப் போன்றவர்களுக்கு வாடகைப் படகுதான் கதி. சென்னையிலும் அந்தமானிலும் அப்படிப்பட்ட படகுகள் உண்டு.

டவுன் பஸ்ஸா, கல்யாண பஸ்ஸா?

தலைக்கு இவ்வளவு என்று கொடுத்துப் பலரோடு போவது டவுன் பஸ் மாதிரி. செலவு குறைவு, ஆனால் பக்கத்து ஆசாமியின் நரம்பு உங்கள் நரம்போடு சிக்கிக்கொள்ளும். படகு முழுவதையும் பேசிக்கொள்வது கல்யாண பஸ் மாதிரி. நாலைந்து பேர் சேர்ந்தால் கட்டுப்படியாகும்.

கரையோரப் பயணம் அரை நாளில் முடிந்துவிடும். பார்களுக்கு மேலே படகை நிறுத்தி, இரையை அடியில் இறக்கி, களவா போன்ற மீன்களுக்குக் காத்திருக்கலாம். புதியவர்களுக்கு இதுவே உத்தமம்.

ஆழ்கடல் பயணத்துக்கு முழு நாள் வேண்டும். ஓடும் படகின் பின்னால் போலி இரையை இழுத்துச் செல்வார்கள். நெய்மீன், சூரை, அதிர்ஷ்டமிருந்தால் முதுகில் தோகை விரிக்கும் மயில்மீனும் பாயும்.

அந்தமானின் பெருமை ராட்சதப் பாறை மீன். 50 கிலோவுக்கு மேலும் வளரக்கூடியது. நீர்மட்டத்தில் 'பளார் பளார்' என்று தண்ணீரை அறையும் போலி இரையை வீசி அதற்கு ஆத்திரமூட்டுவார்கள். நாள் முழுவதும் வீசி வீசி இழுக்கத் தோள் வலு வேண்டும்!

கேட்க வேண்டிய கேள்விகள்

படகுக்கு அனுமதி உண்டா? ஆளுக்கொரு மிதவைச் சட்டை உண்டா? வயர்லெஸ் உண்டா? 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் கடலிலேயே பிறந்து வளர்ந்த மீனவர்கள் பலர் திரும்பவில்லை. வானிலை எச்சரிக்கை வந்த பின்னும் "வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்று அழைப்பவர் படகில் ஏறவே கூடாது.

தூத்துக்குடி பக்கத்தில்தானே என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே தூண்டிலுக்கு இடமில்லை.

குமட்டலுக்கு மாத்திரையைப் படகில் ஏறுமுன்பே போட்டுக்கொள்ள வேண்டும். தலை சுற்றத் தொடங்கிய பிறகு பிரயோஜனமில்லை. கண்ணைத் தொடுவானத்தில் வைத்துக்கொண்டால் ஓரளவு நிம்மதி.

"அந்தமானில் பெரிய பாறை மீனைப் பிடித்தால் படம் எடுத்துக்கொண்டு உயிரோடு விட்டுவிடுவதுதான் வழக்கம்" என்றேன் கடைசியாக.

நண்பர் முகம் வாடியது. "விட்டுவிடுவதற்கா ஸார் அவ்வளவு பணம்?"

அதுவரை பேசாமலிருந்த பையன் சொன்னான்: "ஏம்பா, கண்மாயில குஞ்சு மீன் மாட்டினா நீங்களே திரும்ப விட்டுருவீங்களே? 'அடுத்த வருஷத்துக்கு மீன் வேணாமாடா'ன்னு சொல்லுவீங்களே!"

நண்பர் சிரித்துவிட்டார். முதலில் அரை நாள் கரையோரப் பயணம். வயிறு தாங்கினால் அப்புறம் அந்தமான் என்று முடிவாயிற்று. சேமிப்பும் தப்பியது, ஆசையும் தப்பியது!