பொன் முலாமின் விலை

மணி சரியாகக் காட்டினால் போதும் நம் வீட்டுக் கடிகாரம். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் காலத்துச் சீமான்களுக்கோ அது போதவில்லை. பார்ப்பவர் கண்ணையும் பறிக்க வேண்டும்!

அதற்கென்றே வாய்த்தவர் அரண்மனைத் தச்சர் ஆந்த்ரே ஷார்ல் பூல் (1642-1732). ஆமை ஓட்டையும் பித்தளைத் தகட்டையும் சேர்த்து ஒட்டி, ரவிக்கைத் துணியை மடித்து வெட்டுவது போல, ஒரே அறுப்பில் பூவும் கொடியுமாக அறுத்தெடுப்பார். ஓட்டில் விழுந்த இடைவெளியில் பித்தளைப் பூ உட்காரும். மிச்சத்தை மாற்றிப் பதித்தால், இன்னொரு பெட்டிக்கு ஆயிற்று!

லண்டன் வாலஸ் காட்சிசாலையில் உள்ள அவர் பாணிக் கடிகாரம் ஒன்றில், உச்சியில் காதல் தேவன். கீழே தோற்றுக் கிடக்கிறார் காலக் கிழவர். காதல் காலத்தை வென்றுவிட்டதாம்!

அந்த வெண்கலப் பதுமைகள் பொன்னாக ஜொலிப்பது எப்படி? பொன்னைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, நெருப்பில் காட்டுவார்கள். பொன் ஒட்டிக்கொள்ளும், பாதரசம் ஆவியாகப் போய்விடும். எங்கே போகும்? பக்கத்தில் நிற்கும் தொழிலாளியின் மூச்சுக்குள்தான்! கை நடுங்கி, பல் ஆட்டங் கண்டு, உடல் குலைந்தவர்கள் எத்தனையோ பேர்.

காலத்தை வென்ற காதல் தேவனுக்குப் பொன் பூசியவர்களுக்கோ, பாவம், காலம் குறைந்துதான் போயிற்று!