விற்கப் போகும் வீட்டுக்கு எவ்வளவு பெயின்ட் வேண்டும்?

எனது கடைக்குப் பெயின்ட் வாங்க வருகின்றவர்களிடம், "வீட்டில் கல்யாணமா?" என்று கேட்பது என் வழக்கம். "இல்லை நானா, வீட்டை விற்கப் போகிறோம்" என்று சிலர் சொல்வார்கள். ஹாட்வெயார் கடைக்காரன் என்ற முறையில் அவர்கள் தலையில் இரண்டு வாளி பெயின்டைக் கட்டி அனுப்புவதுதான் எனக்கு இலாபம். ஆனால் 2023இல் எங்கள் வாப்பாவின் வீட்டை விற்றபோது பட்ட பாட்டுக்குப் பிறகு, பெயின்டை எடுத்துக் கொடுக்க முன்னர் அவர்களிடம் நாலு கேள்வி கேட்காமல் இருக்க முடிவதில்லை.

புத்தளத்தில் 14 பேர்ச்சஸ் காணியில் இருந்த பழைய வீடு அது. உம்மாவும் வாப்பாவும் மௌத்தான பிறகு இரண்டு வருடங்கள் பூட்டியே கிடந்தது. நான், தம்பி, தங்கை என்று மூன்று பேருக்கும் அதில் பங்கு. எனக்கும் தம்பிக்கும் அவசரம் எதுவும் இல்லை. தங்கைதான் மகளுக்குக் கட்டிய வீட்டைக் கூரை மட்டத்தில் நிறுத்தி வைத்துவிட்டு, இந்தப் பணத்தை எதிர்பார்த்துக் கொண்டிருந்தாள்.

தரகர் கூட்டி வந்த முதல் ஆள் முன் ஹோலின் மேற்குச் சுவரைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குப் பூச்சு உப்பி, வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்துப் போயிருந்தது. அந்தச் சுவரைக் காட்டியே அவர் விலையில் பத்து இலட்சம் குறைத்தார். வீட்டின் மற்றப் பக்கங்களை அவர் சரியாகப் பார்க்கவும் இல்லை.

தம்பி ஒரு வழி சொன்னான். நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிவிட்டால் உப்பு வெளியே தெரியாது. இரண்டு மூன்று மாரி தாங்கும். அதற்குள் வீடு கைமாறிவிடும். உண்மையைச் சொன்னால் எனக்கும் ஒரு நாள் முழுக்க அந்த யோசனை பிடித்துத்தான் இருந்தது. கடையில் மிஞ்சிய டைல்ஸ் பெட்டிகளும் கிடந்தன. ஆனால் மேலே காய்ந்த தானியத்தைப் பரப்பி அடியில் ஈரத்தை வைத்திருந்த வியாபாரியின் ஹதீஸை சிறு வயதில் மத்ரஸாவில் படித்தவர்கள் நாங்கள். இங்கே இருப்பதும் ஈரம்தானே! அதை விட்டாலும் எங்கள் ஊர் சிறிய ஊர். வீட்டை வாங்குகின்றவர் நாளைக்கு ஆணியோ பல்போ வாங்க என் கடைக்குத்தான் வருவார்.

ஆகவே மூடுவதற்குப் பதிலாக அந்தச் சுவரைத் தோண்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். வெளிப்பக்கம் போய்ப் பார்த்தால் காரணம் கண்ணுக்கு முன்னால் கிடந்தது. வாப்பா பூச்செடிக்காகக் கொட்டிய மண், வருடக் கணக்கில் ஏறி ஏறி வீட்டின் உள்தரையை விட ஓரடி உயர்ந்து சுவரோடு ஒட்டியிருந்தது. குசினியிலிருந்து வரும் கழிவுநீர்க் குழாயும் அதற்கடியில் வெடித்திருந்தது. பழைய வீடுகளில் அத்திவாரத்துக்கு மேலே ஈரம் ஏறாமல் தடுக்கும் படை போடாமலே கட்டியிருப்பார்கள். நிலத்து நீர் செங்கல் வழியாக மேலே ஏறும். நீர் காற்றில் காய்ந்து போக, அது கொண்டுவந்த உப்பு மட்டும் சுவரில் தங்கிப் பூச்சைத் தள்ளிவிடும். இதற்கு மேல் எந்தப் பெயின்டைப் பூசினாலும் அது உதிரத்தான் செய்யும்.

நானும் தம்பியும் மருமகனும் நான்கு வெள்ளிக்கிழமைகள் கடைகளைப் பூட்டிவிட்டு மண்ணை வெட்டி அகற்றினோம். குழாயை மாற்றினோம். உப்பிய பூச்சை, கறை தெரிந்த இடத்துக்கு மேலும் ஓரடி சேர்த்துக் கொத்தி எடுத்தோம். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷினால் தேய்த்துக் கூட்டி அள்ள வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் சுவருக்குள்ளேயே போய்விடும். பலர் செய்யும் தவறு இது. பிறகு ஆறு கிழமை சுவரைச் சும்மா விட்டோம். ஜூலை, ஓகஸ்ட் வெயிலில் எங்கள் பகுதியில் சுவர் நன்றாகக் காயும். இதே வேலையை நவம்பரில் தொடங்கியிருந்தால் வீண்தான். அந்த ஆறு கிழமையும் தங்கை தொலைபேசியில் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய வேலையாக இருந்தது.

பூச்சு வேலையை ஒரு மேசனிடம் கொடுத்தோம். சீமெந்தைக் குறைத்து, சுண்ணாம்பு சேர்த்த கலவை. அதற்கு மேல் எனாமல் பூசவில்லை. சுவர் மூச்சு விட வேண்டும்.

மற்றச் சில்லறை வேலைகள் எங்கள் கையால்தான் நடந்தன. குழாய்களுக்கு வொஷர் மாற்றினோம். கிறீச்சிடும் கதவுப் பிணைச்சல்களுக்கு எண்ணெய் விட்டோம். வளவைத் துப்புரவாக்கினோம். இதற்கெல்லாம் செலவு மிகக் குறைவு. வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், கதவைச் சாத்திப் பார்ப்பார்கள். அதனால் இவற்றைச் செய்யாமல் விடக்கூடாது.

கெடுத்துக் கொண்டதும் உண்டு. பெயின்டில் ஏமாந்தவன் ஹாட்வெயார் கடைக்காரனான நானே! ஒரே நிற இலக்கம்தானே என்று இரண்டு முறையாகக் கலந்த இரண்டு வாளிகளை எடுத்துப் போனேன். ஒரே சுவரில் பாதி வேறு நிறமாகத் தெரிந்தது. ஒரு அறைக்குத் தேவையான பெயின்ட் முழுவதையும் முதலில் ஒரு பெரிய பாத்திரத்தில் ஊற்றிக் கலந்துவிட்டுத்தான் பூச வேண்டும். இதை எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன்!

தம்பியோ பின்பக்க அஸ்பெஸ்டோஸ் கூரையின் பாசியைத் தேய்க்க ஏறினான். சலாகைக்கு மேலே வைக்க வேண்டிய காலை வெறும் தகட்டில் வைத்துவிட்டான். தகடு உடைந்து கால் தொடை வரை உள்ளே போய்விட்டது. அல்ஹம்துலில்லாஹ், கீழே விழவில்லை. பழைய அஸ்பெஸ்டோஸை உரசுவதும் உடைப்பதும் அதன் தூசு நெஞ்சுக்குள் போக இடம் கொடுப்பதாகும். கூரையையும் மின்சார வயரையும் அதற்கென்று உள்ளவர்களிடம் விட்டுவிடுங்கள். மிச்சம் பிடிக்கும் கூலி வைத்தியச் செலவுக்குக் காணாது.

எல்லாமாக எங்கள் கையிலிருந்து போனது 1,40,000 ரூபா. இரண்டாவதாக வந்தவருக்கு வீடு பிடித்துவிட்டது. நான் அவரை அந்த மேற்குச் சுவருக்கு அழைத்துப் போய், நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். தம்பி முற்றத்தில் நின்று தலையிலடித்துக் கொண்டான். வந்தவர் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், வெளியே போய் மண் வெட்டிய இடத்தைப் பார்த்தார், பிறகு இரண்டு இலட்சம் குறைக்கக் கேட்டார். முதல் ஆள் கேட்ட பத்தோடு பார்த்தால் எங்களுக்கு அது நட்டமில்லை.

ஆனால் அவர் வங்கிக் கடனில் வாங்குகின்றவர். வங்கி அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடத்தைக் கேட்டது. வாப்பா பின்னால் கட்டிய அறை அதில் இல்லை! நாங்கள் சுவருக்குப் பார்த்த பார்வையில் கால்வாசியைக் கடதாசிகளுக்குப் பார்த்திருக்கவில்லை. உறுதி, நில அளவை வரைபடம், கட்டட வரைபடம், வரி கட்டிய பற்றுச்சீட்டு ஆகியவற்றை முதல் வாளி பெயின்ட் வாங்குவதற்கு முன்பே மேசையில் விரித்துப் பார்த்திருக்க வேண்டும். அந்த அறைக்கு அனுமதி எடுத்து முடிக்க மூன்று மாதங்கள் போயின. தங்கை அந்த மாரியையும் கூரையில்லாத வீட்டோடுதான் கழித்தாள். அதற்கு அவளிடம் நான் இன்றும் பேச்சு வாங்குகிறேன்.

நொத்தாரிசிடம் உறுதி எழுதி முடிந்த அன்று, சாவியோடு மிஞ்சியிருந்த அரை வாளி பெயின்டையும் வாங்கியவரிடம் கொடுத்தேன். மூடியில் நிற இலக்கத்தை எழுதி வைத்திருந்தேன். அந்தச் சுவருக்கு அடுத்த வருடம் ஒரு தடவை தேவைப்படலாம் என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.