அம்மாவின் தையல் இயந்திரம்

எடப்பாடியில் எத்தெருவில் நின்றாலும் விசைத்தறியின் ஓசை கேட்கும். எங்கள் வீட்டில் அதனோடு இன்னோர் ஓசையும் இருந்தது. அம்மாவின் கால்மிதித் தையல் இயந்திரம். அத்தா வஃபாத்தானபோது நாங்கள் சிறுபிள்ளைகள். இத்தா முடிந்ததும் அம்மா அதன்முன் அமர்ந்தார். ரவிக்கையும் பாவாடையும் தலையணை உறையும் தைத்தே எங்களை வளர்த்தார். அவர் மறைந்தபின் பல ஆண்டுகள் அது சாமான் அறையில் முடங்கிக் கிடந்தது.

சென்ற ஆண்டு பழைய இரும்பு வாங்குபவர் அதை எடைக்குக் கேட்டார். நானும் இசைந்துவிட்டேன். கணவரை இழந்து எங்களோடு வசிக்கும் தங்கைதான் தடுத்தாள்: "கொடுத்துவிடாதீர்கள் அண்ணா, நான் தைத்துக் கொள்கிறேன்."

சக்கரமோ அசையவில்லை. துருப்பிடித்ததென்று எண்ணினேன். துரு அன்று, மிஷின் எண்ணெய் இல்லாத நாள்களில் வீட்டார் ஊற்றிய கடலை எண்ணெய் காய்ந்து பிசினாக இறுகியிருந்தது. சகோதரிகளே, சமையல் எண்ணெயை ஒருபோதும் இதில் விடாதீர்கள்.

ஊசியைக் கழற்றி, எண்ணெய்த் துளைகளிலும் அசையும் மூட்டுகளிலும் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்தோம். (அடுப்பு அருகில் இருக்கலாகாது.) மறுநாள் சக்கரத்தை முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்தோம். வலிந்து திருப்பினால் உறுப்பு முறியும். மூன்றாம் நாள்தான் முழுச் சுற்று வந்தது. அழுக்கைத் துடைத்து மிஷின் எண்ணெய் விட்டோம். துணியை நகர்த்தும் பற்களின் அடியில் பஞ்சு மெத்தைபோல் படிந்திருந்தது. அதில் அம்மா தைத்த துணிகளின் வண்ணங்கள் எல்லாம் இருந்தன.

அமெரிக்காவில் ஐசக் சிங்கர் தம் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றது 1851இல். இயந்திரங்களைக் குறைகூறிய காந்தியடிகளும் 1924இல் சிங்கரின் தையல் இயந்திரத்திற்கு விலக்களித்தார். வார்ப்பிரும்பு உடல், மின்சாரம் வேண்டாத இயக்கம்; இவை எளிதில் சாவதில்லை.

இற்றுப்போன தோல் வாரை மாற்றினோம். வார் தளர்ந்தால் வழுக்கும். மிக இறுகினால் கால் வலிக்கும். புது ஊசியைத் திருப்பிப் பொருத்தியதால் முதலில் தையல் தாவித் தாவி விழுந்தது. ஊசியின் நீண்ட பள்ளம் உள்ள பக்கமாகவே நூல் கோக்கவேண்டும் என்று பட்டபின் அறிந்தோம்.

மிதிப்பதும் ஒரு பயிற்சியே. சக்கரத்தின் மேற்பக்கம் தைப்பவரை நோக்கிச் சுழலவேண்டும். எதிர்ப்புறம் சுழன்றால் நூல் சிக்கும். தங்கை இரண்டு நாள் நூலின்றி மிதித்துப் பழகினாள். பிறகு தைத்த தலையணை உறையின் ஓரம் சற்றே கோணல். அண்டை வீட்டுப் பெண்மணி அதைப் பார்த்துவிட்டு, பெருநாளுக்கென இரண்டு பாவாடைத் துணிகளைத் தந்துவிட்டுப் போனார்.