பழைய மெர்சிடிஸ்-பென்ஸ் எஸ்இசி கூபே வாங்கும்போது சரிபார்க்க வேண்டியவை

மெர்சிடிஸ்-பென்ஸ் எஸ்இசி (நிறுவன உள்குறியீடு: சி126) என்பது செருமனியின் டைம்லர்-பென்ஸ் நிறுவனம் 1981 முதல் 1991 வரை தயாரித்த இரண்டு கதவு சொகுசு மகிழுந்து ஆகும். அக்காலத்து எஸ் வகுப்பு நான்கு கதவு மகிழுந்தின் (டபிள்யூ126) கூபே வடிவம் இது. கூபே என்னும் பெயர் "வெட்டப்பட்டது" என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்தது.

புதிதாக விற்கப்பட்ட காலத்தில் எஸ்இசி அந்நிறுவனத்தின் மிக விலை உயர்ந்த மகிழுந்துகளுள் ஒன்றாக இருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல இத்தகைய மகிழுந்தின் விலை பெரிதும் குறைகிறது. ஆனால் அதன் உதிரிப்பாகங்களின் விலையும் பழுதுபார்ப்புக் கூலியும் அதே அளவில் குறைவதில்லை. இதனால் பராமரிப்பு இல்லாத ஒரு வண்டியைக் குறைந்த விலைக்கு வாங்குபவர், நல்ல நிலையில் உள்ள வண்டியின் விலையை விடக் கூடுதலான தொகையைப் பழுதுபார்ப்பில் இழக்க நேரிடலாம். வாங்குவதற்கு முன் செய்யப்படும் ஆய்வு இந்த இழப்பைத் தவிர்ப்பதையும், ஓட்டுபவரின் பாதுகாப்பை உறுதி செய்வதையும் நோக்கமாகக் கொண்டது.

வரலாறும் மாதிரிகளும்

எஸ்இசி 1981 செப்டம்பரில் பிராங்க்பர்ட் மகிழுந்துக் கண்காட்சியில் அறிமுகப்படுத்தப்பட்டது. அதற்கு முன் விற்கப்பட்ட எஸ்எல்சி கூபேக்கு மாற்றாக இது வந்தது. வடிவமைப்புப் பிரிவின் தலைவராக புரூனோ சாக்கோ இருந்தார். அச்சுகளுக்கு இடையிலான தூரம் 2,850 மி.மீ. ஆகும், இது நான்கு கதவு வண்டியின் குட்டை வடிவத்தை விட 85 மி.மீ. குறைவு. முன், பின் பக்கக் கண்ணாடிகளுக்கு இடையே தூண் இல்லை என்பது இதன் சிறப்பு அடையாளம். எல்லா மாதிரிகளும் எட்டு உருளை கொண்ட வி8 எஞ்சினும் நான்கு கியர் தானியங்கிப் பெட்டியும் உடையவை.

தயாரிக்கப்பட்ட மாதிரிகள் பின்வருமாறு:

- 380 எஸ்இசி (126.043): 3.8 லிட்டர், 1981–1985, 11,267 வண்டிகள்
- 500 எஸ்இசி (126.044): 5.0 லிட்டர், 1981–1991, 30,184 வண்டிகள்
- 420 எஸ்இசி (126.046): 4.2 லிட்டர், 1985–1991, 3,680 வண்டிகள்
- 560 எஸ்இசி (126.045): 5.5 லிட்டர், 1985–1991, 28,929 வண்டிகள்

மொத்தம் 74,060 வண்டிகள் தயாரிக்கப்பட்டன. 1985 இல் செய்யப்பட்ட மேம்பாட்டின்போது பம்பர்களும் பக்கவாட்டு நெகிழித் தகடுகளும் மாற்றப்பட்டன. சக்கர அளவு 14 அங்குலத்தில் இருந்து 15 அங்குலமாக உயர்ந்தது. எரிபொருள் செலுத்தும் அமைப்பு மின்னணுக் கட்டுப்பாடு கொண்ட கேஇ-ஜெட்ரானிக் வகைக்கு மாறியது.

ஆவணங்கள்

ஆய்வு வண்டியில் அன்றி, ஆவணங்களில் தொடங்குதல் நலம். ஐரோப்பிய வண்டிகளின் அடிச்சட்ட எண்ணில் மாதிரி எண் இடம்பெறும். எடுத்துக்காட்டாக, 560 எஸ்இசி என்று விற்கப்படும் ஐரோப்பிய வண்டியின் எண்ணில் 126045 இருத்தல் வேண்டும். பின்புறப் பெயர்ப்பட்டையை எவரும் மாற்றி ஒட்டிவிடலாம். அடிச்சட்ட எண்ணை அவ்வாறு மாற்றுவது எளிதன்று. தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட வசதிகள், வண்ண எண், எஞ்சின் எண் ஆகியவற்றைப் பதிவு செய்யும் தரவு அட்டையை வண்டியுடன் ஒப்பிட வேண்டும்.

தூரமானி காட்டும் எண்ணை மட்டும் நம்புதல் கூடாது. இவ்வகை வண்டிகளில் தூரமானியின் சிறு பற்சக்கரங்கள் தேய்ந்து, வேகமானி இயங்கும்போதே தூரக் கணக்கு நின்றுவிடுவது பரவலாகக் காணப்படும் குறை. எனவே பராமரிப்புப் புத்தகம், பட்டறைப் பற்றுச்சீட்டுகள், கட்டாயத் தகுதிச் சோதனைச் சான்றுகள் ஆகியவற்றில் குறிக்கப்பட்ட தூரம் ஆண்டுதோறும் சீராக உயர்கிறதா என்று பார்க்க வேண்டும். செருமனியில் இச்சோதனை பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறுகிறது.

1980களில் ஐரோப்பிய வண்டிகள் பல, நிறுவனத்தின் வழியாக அன்றித் தனியாரால் அமெரிக்காவுக்கு இறக்குமதி செய்யப்பட்டன. 1988 இல் இயற்றப்பட்ட சட்டம் இதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அத்தகைய வண்டிகளில் அமெரிக்க விதிகளுக்கு ஏற்பச் செய்யப்பட்ட மாற்றங்களின் தரம் வண்டிக்கு வண்டி வேறுபடும். ஆகவே மாற்றம் செய்ததற்கான சான்று உள்ளதா என்பதை அறிதல் வேண்டும்.

ஏஎம்ஜி நிறுவனம் அக்காலத்தில் தனியார் மேம்பாட்டு நிறுவனமாக இருந்து எஸ்இசி வண்டிகளை மாற்றியமைத்து விற்றது. அவை மிக உயர்ந்த விலை பெறுவதால், ஏஎம்ஜி சக்கரங்களும் பம்பர்களும் மட்டும் பின்னர் பொருத்தப்பட்ட வண்டிகளும் அதே பெயரில் விற்பனைக்கு வருகின்றன. அக்காலத்துப் பற்றுச்சீட்டோ பிற ஆவணமோ இல்லாத நிலையில் அதற்கெனக் கூடுதல் விலை தருதல் தகாது.

உடற்பகுதியும் துருவும்

பழைய எஸ்இசியில் எஞ்சினை விட உடற்பகுதியே முதன்மையாக ஆராயப்பட வேண்டியது. எஞ்சினைக் கழற்றிச் சீர்செய்யலாம். பரவிய துருவை அகற்றிப் புதுத் தகடு பற்றவைத்து வண்ணம் பூசுவதற்குப் பல வாரங்கள் ஆகலாம். கவனிக்க வேண்டிய இடங்கள்:

- பின்புறக் கண்ணாடியின் கீழ் விளிம்பு. இங்கு துருப்பிடித்தால் மழைநீர் பெட்டி அறைக்குள் இறங்கும். பெட்டி அறையின் விரிப்பைத் தூக்கி, உபரிச் சக்கரக் குழியில் ஈரம் உள்ளதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.
- ஜாக்கி பொருத்தும் இடங்களும் கதவுக்குக் கீழுள்ள நீள்விட்டங்களும். பக்கவாட்டு நெகிழித் தகடுகள் இவ்விடங்களில் உள்ள துருவை மறைத்துவிடும். தகட்டைக் கழற்றிப் பார்க்க உரிமையாளர் ஒப்புவது நல்ல அறிகுறி.
- சக்கர வளைவுகள், முன்புற மட்கார்டுகளின் கீழ்ப்பகுதி.
- கூரைத் திறப்பின் விளிம்பும் அதன் நீர்வடிகுழாய்களும். குழாய் அடைபட்டால் நீர் உட்புறத் தரைவிரிப்பை நனைக்கும்.
- முன்கண்ணாடிக்குக் கீழுள்ள நீர்வடிகால். இலைச்சருகு தேங்கினால் அங்கு ஈரம் நிலைத்துத் துரு உண்டாகும்.

காந்தம் ஒட்டாத இடத்தில் இரும்புத் தகட்டின் மேல் நிரப்புப்பசை பூசப்பட்டிருக்கலாம். கதவு இடைவெளிகள் இருபுறமும் ஒரே அளவில் இல்லையெனில் விபத்துப் பழுதை ஐயுறலாம். நீண்ட, எடை மிக்க கதவுகள் காலப்போக்கில் கீல்களில் தொய்வதும் உண்டு. கதவை மெல்லத் தூக்கிப் பார்த்தால் இது தெரியும்.

எஞ்சின்

எஞ்சின் முற்றிலும் குளிர்ந்த நிலையில் இருக்கும்போது முதல் முறை இயக்கிப் பார்த்தல் வேண்டும். வாங்குபவர் வருமுன்பே எஞ்சின் சூடாக்கப்பட்டிருந்தால் கீழ்க்காணும் குறைகளிற் சில வெளிப்படாமற் போகும்.

இந்த வி8 எஞ்சின்களின் முதன்மையான பலவீனம் டைமிங் செயின் ஆகும். கிராங்க் தண்டையும் இரு கேம் தண்டுகளையும் இணைக்கும் இந்த நீண்ட செயின் நெகிழித் தடங்களின் மேல் ஓடுகிறது. வெப்பத்தால் தடங்கள் நாளடைவில் நொறுங்கும் தன்மை அடைகின்றன. ஒரு துண்டு உடைந்து செயினுக்கு இடையில் சிக்கினால் செயின் பற்களில் இருந்து தாவும் அல்லது அறுந்துவிடும். அப்போது வால்வுகள் பிஸ்டன்களில் மோதி வளைந்து, எஞ்சின் பயனற்றுப் போகும். செயின், தடங்கள், இறுக்கி ஆகியவை அண்மையில் மாற்றப்பட்டதற்கான பற்றுச்சீட்டு இல்லையெனில், அவ்வேலையின் செலவை விலையில் இருந்து கழித்துக் கணக்கிடுவதே முறை. குளிர்ந்த எஞ்சின் இயங்கத் தொடங்கும்போது முன்பகுதியில் சில நொடிகள் எழும் கலகலப்பு ஓர் எச்சரிக்கை. ஓசை தொடர்ந்தால் எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும்.

தொடக்க கால 3.8 லிட்டர் எஞ்சின்களில், குறிப்பாக 1983 வரை அமெரிக்காவில் விற்கப்பட்டவற்றில், ஒற்றை வரிசைச் செயின் பயன்படுத்தப்பட்டது. இது விரைவில் நீண்டு அறுந்ததால் பின்னர் இரட்டை வரிசைச் செயினுக்கு மாற்றப்பட்டது. 380 எஸ்இசி வாங்குவோர் எந்த வகைச் செயின் உள்ளது என்பதை எழுத்துச் சான்றுடன் உறுதி செய்தல் இன்றியமையாதது.

சற்று நேரம் நிற்கவைத்த பின் முடுக்கும்போதோ நீண்ட சரிவில் இறங்கிய பின் முடுக்கும்போதோ நீலப்புகை வந்தால் வால்வுத் தண்டுகளின் எண்ணெய்த் தடுப்புகள் கெட்டித்துப் போயிருக்கலாம். இவற்றை மாற்றுவது பெருஞ்செலவன்று. முடுக்கும்போதெல்லாம் நீலப்புகை தொடர்ந்தால் பிஸ்டன் வளையங்களின் தேய்மானத்தை ஐயுற வேண்டும். சீரான "டிக் டிக்" ஓசை கேட்டால் கேம் தண்டின் மேலுள்ள எண்ணெய்க் குழாய்களின் நெகிழி இணைப்புகள் உடைந்து, கேம் முகடுகளுக்கு எண்ணெய் செல்லாமல் இருக்கலாம்.

எஞ்சின் கட்டை அலுமினியக் கலப்பு உலோகத்தால் ஆனது. வெறும் நீர் ஊற்றி ஓட்டப்பட்ட எஞ்சினில் உட்புற அரிப்பு ஏற்படும். ரேடியேட்டர் நீர் துருநிறமாகவோ எண்ணெய்ப் படலத்துடனோ இருந்தால் அவ்வண்டியைத் தவிர்ப்பது நல்லது.

சூடான எஞ்சினை நிறுத்திச் சுமார் அரைமணி நேரம் கழித்து மீண்டும் இயக்க வேண்டும். நெடுநேரம் சுழன்ற பின்னரே இயங்கினால், எரிபொருள் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் சேமிப்பியோ பம்பின் தடுப்பு வால்வோ பழுதுற்றிருக்கலாம்.

கியர்பெட்டி

தானியங்கிக் கியர்பெட்டி உறுதி வாய்ந்தது. எண்ணெயும் வடிகட்டியும் குறித்த காலத்தில் மாற்றப்பட்டிருந்தால் நெடுங்காலம் உழைக்கும். எண்ணெய் அளவை எஞ்சின் சூடாகி இயங்கும் நிலையிலேயே பார்க்க வேண்டும். எண்ணெய் தெளிந்த சிவப்பாக இருத்தல் நன்று. கரும்பழுப்பு நிறமும் தீய்ந்த மணமும் உள்ளே தேய்மானம் உண்டு என்பதைக் காட்டும். பின்னோக்கும் கியரில் இட்டபின் வண்டி அசைய ஓரிரு நொடிகளுக்கு மேல் தாமதித்தாலும், கியர் மாறும்போது எஞ்சின் வேகம் மட்டும் உயர்ந்தாலும் கியர்பெட்டிக்குப் பெரிய வேலை உண்டு. பல வண்டிகள் மெதுவாகப் புறப்படும்போது இரண்டாம் கியரில் தொடங்குமாறே அமைக்கப்பட்டவை, அது பழுதன்று.

சஸ்பென்ஷன், பிரேக்

சில வண்டிகளில் பின்புற உயரத்தைத் தானே சரிசெய்யும் நீரியல் அமைப்பு உண்டு. எஞ்சினால் இயக்கப்படும் பம்பும், நைட்ரஜன் வளிமம் நிரப்பிய இரு கோளங்களும் இதன் உறுப்புகள். கோளங்களில் வளிமம் தீர்ந்தால் பின்புறம் விறைப்பாகக் குலுங்கும். மேடுகளில் ஏறி இறங்கும்போது இதை எளிதில் உணரலாம். பம்பிலும் குழாய்களிலும் எண்ணெய்க் கசிவு உள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

சாவியைத் திருப்பியவுடன் ஏபிஎஸ் விளக்கு எரிந்து, எஞ்சின் இயங்கிய பின் அணைய வேண்டும். விளக்கு அணையாவிட்டால் பழுது உண்டு. மிகை மின்னழுத்தத் தடுப்பு ரிலே கெட்டிருப்பது இதற்குப் பொதுவான, எளிய காரணம். விளக்கு எரியவே இல்லை என்றால், பழுதை மறைப்பதற்காகப் பல்பு கழற்றப்பட்டிருக்கலாம். காற்றுப்பை உள்ள வண்டிகளில் அதன் விளக்குக்கும் இதுவே பொருந்தும்.

குறைவாக ஓடிய வண்டியிலும் பிரேக்கின் இரப்பர்க் குழாய்கள் வயதால் வெடிக்கின்றன. டயர்களும் அவ்வாறே. 2000 முதல் தயாரான டயர்களின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும்.

உட்புறமும் மின் அமைப்பும்

கதவுப் பூட்டுகளும் குளிர்சாதனத்தின் காற்றுத் தடுப்புகளும் காற்றழுத்தத்தாலும் வெற்றிடத்தாலும் இயங்குபவை. மையப் பூட்டு எல்லா இடங்களிலும் இயங்காவிட்டால் இரப்பர்க் குழாய்களில் கசிவு இருக்கலாம். நான்கு பக்கக் கண்ணாடிகளையும் முழுதாக இறக்கி ஏற்ற வேண்டும். தூண் இல்லாத அமைப்பாதலால் கண்ணாடிகள் சரியாகப் பொருந்தாவிடில் நீரும் காற்றோசையும் உட்புகும். முன் இருக்கைகளில் இருப்போருக்குப் பட்டையை முன்னே நீட்டித் தரும் மின் கைகள் எஸ்இசியில் உண்டு; இரண்டும் இயங்க வேண்டும்.

தயாரிக்கப்பட்டபோது இவ்வண்டிகளின் குளிர்சாதனம் ஆர்-12 வளிமத்தைப் பயன்படுத்தியது. ஓசோன் படலத்தைக் காக்கும் 1987 மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. எனவே வேறு வளிமத்துக்கு முறையாக மாற்றப்பட்டதா என்று கேட்டறிய வேண்டும். "வளிமம் நிரப்பினால் போதும்" என்னும் கூற்றை எச்சரிக்கையுடன் கொள்ள வேண்டும். ஆவியாக்கி கசிந்தால் முகப்புப் பலகை முழுவதையும் கழற்ற நேரும்.

உதிரிப்பாகங்கள்

நான்கு கதவு எஸ் வகுப்பு வண்டிகள் 8 இலட்சத்துக்கு மேல் தயாரிக்கப்பட்டதால் எஞ்சின், கியர்பெட்டி, பிரேக் ஆகியவற்றின் பாகங்கள் எளிதில் கிடைக்கின்றன. ஆனால் கதவுகள், கண்ணாடிகள், அவற்றின் இரப்பர்ப் பட்டைகள், பின்புற உட்பகுதி போன்றவை கூபேக்கு மட்டும் உரியவை. எனவே எஞ்சின் குறையுள்ள முழுமையான வண்டி, நல்ல எஞ்சின் இருந்தும் உடற்பாகங்கள் குறைந்த வண்டியை விட மேலானதாக இருக்கக்கூடும். மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனம் தன் பழைய வண்டிகளுக்கென 1993 இல் செருமனியின் ஃபெல்பாக் நகரில் தனி மையம் ஒன்றைத் தொடங்கியது.

முடிவெடுத்தல்

காணப்படும் குறைகளை மூன்றாகப் பிரிக்கலாம். உடற்கூட்டின் தாங்கு பகுதிகளில் துரு, ஆவணங்களில் முரண்பாடு, எஞ்சின் நீரில் எண்ணெய் ஆகியவை வாங்காமல் விலகுவதற்கான காரணங்கள். பழைய டைமிங் செயின், வலுவிழந்த கோளங்கள், இயங்காத குளிர்சாதனம் ஆகியவை விலையைக் குறைப்பதற்கான காரணங்கள். தேய்ந்த தோல் இருக்கை, நின்றுபோன தூரமானி போன்றவை, பிற சான்றுகள் சரியாக இருப்பின், ஏற்றுக்கொள்ளத் தக்கவை.

செருமனியில் 30 ஆண்டுகள் கடந்த, பெரும்பாலும் முதல் வடிவம் மாறாத வண்டிகள் வரலாற்று வண்டிக்குரிய சிறப்புப் பதிவெண்ணைப் பெறலாம். கடைசி எஸ்இசியும் 2021 இல் அவ்வயதை எட்டியது. இதனால் மாற்றங்கள் செய்யப்படாத வண்டிகளின் மதிப்புக் கூடியுள்ளது. இறுதி முடிவுக்கு முன், விற்பவரோடு தொடர்பற்ற, இவ்வகை வண்டிகளில் பழகிய ஒரு மெக்கானிக்கைக் கொண்டு வண்டியைத் தூக்கி நிறுத்தி அடிப்பகுதியைச் சோதித்தல் வேண்டும். அதற்கு விற்பவர் இசையாவிட்டால் வேறு வண்டியைத் தேடுவதே தக்கது.